மாறியவை மட்டும்

ஸ்டெல்லான் தொலைபேசியில் சலித்துக்கொண்டார்:
"ஆய்லா, போன மாதம் நீ அனுப்பியது
பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படம்.
அதற்கு முந்தின மாதமும் ஏறக்குறைய அதே படங்கள்.
நகராட்சிக் கணினி மூச்சு முட்டிக் கிடக்கிறது.
புதியவை, மாறியவை,
இனி இவை போதும்."

சரி என்றேன்.
கிருனாவில் நவம்பர். மதியம் இரண்டுக்கே இருட்டு.
ஊருக்கு அடியில் இரும்பு.
தோண்டத் தோண்ட நிலம் சரிகிறது,
ஆகவே ஊர் கிழக்கே நகர்கிறது:
சில வீடுகள் லாரியில் முழுசாக,
மிச்சம் உடைந்து, குப்பைத் தொட்டிகளில்.
என் வேலை, ஒவ்வொரு வீட்டின் முன்னும்
அதே இடத்தில் முக்காலியை ஊன்றி
மாதம் ஒரு முறை எடுப்பது,
வீடு இருக்கும் வரை.

ஏற்றுமதி என்கிறது பொத்தான்.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு
ஏற்கெனவே ஒரு வேலை உண்டு.
அறுபத்தெட்டுப் பெட்டிகளில் மலையை ஏற்றி
நார்விக் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள்.
புதியதா மாறியதா என்று
யாரும் மலையைச் சலித்துப் பார்ப்பதில்லை.

நான் சலித்தேன்.
புதியவை நூற்றுத் தொண்ணூறு.
அதில் லாரியில் போன எட்டாம் எண்ணும் ஒன்று:
அதே வீடு, அதே திரைச்சீலை,
முதுகுக்குப் பின்னால் மட்டும் வேறு வானம்.
மாறியவை இருபத்து நான்கு.
சாய்ந்த கூரையை நிமிர்த்தியது,
பனியின் நீலத்தைக் கொஞ்சம் வெளுத்தது,
தெருப்பெயரில் ஒற்றுப்பிழை திருத்தியது.
இருபத்து மூன்றுக்குக் காரணம் தெரிந்தது.

ஒன்பதாம் எண். மஞ்சள் வீடு.
லெம்பி கெஸ்கிதாலோவின் சமையலறைச் சன்னல்.
பிப்ரவரியில் எடுத்தது; மே மாதம் இடித்தார்கள்.
இதை நான் எப்போது தொட்டேன்?
போன மாதம் அனுப்பியதைப் பக்கத்தில் வைத்தேன்.
அதே மஞ்சள். அதே துருப்பிடித்த அஞ்சல்பெட்டி.
ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

திருத்தங்களின் பட்டியலைத் திறந்தேன்.
அக்டோபர் முப்பது, இரவு ஒன்று நாற்பது:
நிழல், கூட்டல் எண்பது.
அடுத்த வரி, ஒன்று நாற்பத்தாறு:
எல்லாம் பழையபடி.

சுரங்கத்தில் வெடி வைத்து
அலமாரிக் கோப்பைகள் கிணுங்கி
தூக்கம் போன இரவு அது.
புது ஊரில், லிஃப்ட் வைத்த குடியிருப்பில்
லெம்பி செத்து நாலு நாள்.
நான் படம் எடுத்த அன்று அவள் உள்ளே இருந்தாளா,
திரை ஓரத்துக் கறுப்பு
ஆளா நாற்காலியா என்று பார்க்க
இருட்டைக் கிளறினேன்.
பச்சையும் ஊதாவுமாய் மணல் வந்தது,
வேறொன்றும் வரவில்லை.
ஆறு நிமிடம். பிறகு மூடினேன்.
கண்ணுக்குச் சுவடில்லை;
மென்பொருள் மட்டும்
மாறியது என்று எழுதி வைத்திருக்கிறது.

மாறாதவை சாம்பல் நிறத்தில் கிடந்தன.
உருட்டிக்கொண்டே போனேன்.
ரொட்டிக்கடை, பேருந்து நிலையம்,
சக்கர நாற்காலி ஏறச் சரிவு வைத்த பல்மருத்துவமனை,
நான் இரண்டு முறை தோற்ற பள்ளி.
பெரும்பாலும் இன்று நின்ற இடத்தில் இல்லாதவை.
இல்லாமல் போனதை மறுபடி எடுக்க வழியில்லை,
எனவே அது மாறுவதில்லை,
எனவே அதை அனுப்பத் தேவையில்லை.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
எழுந்து போய்க் கொஞ்ச நேரம்
பாத்திரம் கழுவினேன்.

ஒன்பதின் குறியை எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.
இருநூற்றுப் பதினாலு படம்,
நாலு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஸ்டெல்லான்:
"எல்லாம் சரி. ஒன்பதில் மட்டும்
என்ன மாற்றினாய் என்று பிடிபடவில்லை."
"ஒன்றும் இல்லை."
"அரை மணி நேரம் பார்த்தேனே," என்றார்.
கோபமா என்று தெரியவில்லை.
பேனாவைத் தட்டும் சத்தம்.
பிறகு,
"பிப்ரவரி கடைசி என்று போட்டிருக்கிறாய்.
சன்னலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்
ஏன் இன்னும் எரிகிறது?"

ஆறு நிமிடமும் நான்
அதற்கு ஒரு விரற்கடை கீழேதான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.