நச்சன் கோல்

பாறையில் இரண்டு கூட்டல் குறிகள்.
நடுவே ஒரு கோடு, விரல் பதியும் ஆழம்.
"இதுதான் மேடம் நச்சன் கோல்"
என்று சங்கிலியைக் கீழே போட்டார்
தலையாரி கொண்டப்பன்.

பூம்பாறைக்கு மேலே, ஜீப் ஏறாத இடம்.
கீழே படிப்படியாய்ப் பூண்டுப் பாத்திகள்.
மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது.
என் கருவி செயற்கைக்கோளைத் தேடித் தேடி
"காத்திருக்கவும்" என்றது.

குருவம்மாள் கல்கட்டுக்கு அந்தப் பக்கம்,
கொழுந்தன் சென்னியப்பன் இந்தப் பக்கம்.
ஏழு வருட வழக்கு.
"அந்தக் கோலில் அளந்தால் ஒத்துக்கிறேன்" என்றான்.
"நானும்" என்றாள்.
கொண்டப்பன் வெற்றிலையைத் துப்ப மறந்தார்.

யார் இந்தக் காரி நச்சன்?
கோட்டை இருந்த மேட்டில் உண்ணிச்செடி.
என்ன போர் ஜெயித்தான், யாருக்கும் தெரியாது.
மாட்டுக்கொட்டகைச் சுவரில்
தலைகீழாய்ப் பதிந்திருக்கும் வாள்வீரன்
அவனா, அவனை வெட்டியவனா,
அதுவும் தெரியாது.

அவனுக்கு முன்பு
கோல் அரண்மனைக்குள் இருந்ததாம்.
இறை போட அளக்கையில் குட்டைக் கோல்,
நிலம் அதிகமாகும்.
மானியம் கொடுக்க அளக்கையிலும் குட்டைக் கோல்,
நிலம் குறைந்துபோகும்.
இரண்டு கணக்கிலும் ஆள்பவனுக்கே லாபம்.

நச்சன் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை.
கோலை வெளியே கொண்டுவந்தான்.
மழையும் மாடும் கடன்காரனும்
பார்க்கிற இடத்தில் வெட்டிவைத்தான்.
பக்கத்தில் ஒரு வரி.
போன மாசியில் யாரோ மாவு பூசிப் படித்ததைக்
கொண்டப்பன் மூச்சுவிடாமல் சொன்னார்:

இக்கோலிற் குறைய அளந்தான்
நாமே ஆகிலும்
ஊர்க்கு இருபது காசு தண்டம் இறுப்பதாக.

சொல்லிவிட்டுப் போவது எளிது.
ராஜாக்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் குனிந்தது அதற்கடியில்,
பாசி மூடிய இன்னொரு வரிக்கு.
வேறு கை. சின்ன எழுத்து,
உளி தெரியாதவன் உளி பிடித்த கோணல்.

இருபது காசும் கைக்கொண்டோம், ஊரோம்.

ரசீது.

அவன் எந்த வயலில் பிசகினான்,
எவன் துணிந்து அளந்து காட்டினான்,
அன்றிரவு அந்த வீட்டில் விளக்கெரிந்ததா,
கல் சொல்லவில்லை.
காசு வந்தது. அவ்வளவுதான்.
எட்டுநூறு வருடமோ, கூடவோ குறையவோ,
அந்தக் காசின்மேல் நின்றுகொண்டிருக்கிறது
இந்த மலையின் ஒவ்வொரு வரப்பும்.

கயிற்றைக் கோட்டில் வைத்து முடிச்சிட்டோம்.
இருபத்திரண்டு கோலும் ஒரு சாணும்.
கல்கட்டு ஒன்றரை அடி
சென்னியப்பன் பக்கம் நகரவேண்டும்.
அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு
முதல் கல்லைத் தானே பெயர்த்தான்.

அப்போதுதான் கருவி விழித்து
"நிலை கிடைத்தது" என்றது.

படிவத்தில் மீட்டருக்கு மட்டுமே கட்டம்.
மீட்டரில் எழுதினேன்.
கையெழுத்துப் போடும்போது
குருவம்மாள் கேட்டாள், சண்டைக்கு இல்லை,
தெரிந்துகொள்ளத்தான்:

"நீங்க குறைச்சு அளந்தா
தண்டம் யாருங்க கட்டுவாங்க?"

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
கொண்டப்பன் சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார்,
இன்றைக்குத் தேவைப்படாத சங்கிலியை.