கச்சான் கணக்கு

மீட்டரில் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.
இன்ஜினுக்கு இன்றோடு பதினாறு நாள்.
மதுரையில் எந்த ஆம்னியிலிருந்து கழற்றியதோ,
அங்கே எத்தனை தூரம் ஓடியதோ,
மாட்டிக்கொடுத்த பூமிராஜ் அண்ணனுக்கே தெரியாது.
"வந்த வீட்டுக் கணக்கை மட்டும் எழுதும்மா" என்றார்.

ரெட்டையூரணி பங்கில் தளும்பத் தளும்ப நிரப்பினேன்.
காலண்டர் தாளின் முதுகில்
கிலோமீட்டர், லிட்டர், தேதி.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்பது பேர்,
ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு நடை.
மீன் ஏற்றவில்லை.

முதல் வாரம் பதினாறு கொடுத்தது.
இந்த வாரம் பதின்மூன்று.

வெள்ளிக்கிழமை தம்மாமிலிருந்து கலந்தர் மச்சான்
என் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்.
மூணு லிட்டர் எங்கே?
ஏமாத்திட்டானுவ. பிளக்கைக் கழத்தச் சொல்லு.
டியூப்பை மோந்து பாரு.

மோந்து பார்த்தேன்.
ஒழுகவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டபின்
சேதுக்கரையில் கடலைப் பார்க்க நிறுத்தி
சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன்,
தினமும் ஒரு மணி நேரம்.
எட்டு மாதம் ஊமையாய்க் கிடந்த வண்டி.
சீட்டுக்கு அடியிலிருந்து தொடைக்கு ஏறும் சூடு,
யார் வீட்டிலோ பழகிவந்த அந்த உறுமல்.
அணைத்தால்
வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும்.

சக்கரம் அசையவில்லை, மீட்டரும்தான்.

"கச்சான் காத்து மச்சான், எதுக்காத்துல ஓட்டுறேன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம்.
"ஆமால்ல, ஆனி மாசம்."

தாளைத் திருப்பி ஓரத்தில் எழுதினேன்:
கச்சான், மூன்று லிட்டர்.
ஆடி முடியும்வரை அடிக்கும்.