இரண்டு மாதத்துக்கு ஒருமுறை

முதுநகரில் எனக்கு எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர்கள்.
பதினோரு மணிக்குத் தெருவில் இறங்கினால்
தாளிப்புகளுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும்.
வேறு நேரத்திலும் போகலாம்.
போனதில்லை.

மணி அடிக்கும் முன்பே தெரிந்துவிடும்:
இந்த வீட்டில் வெந்தயம் கருகிவிட்டது,
அந்த வீட்டில் புளியின் பச்சை வாசனை இன்னும் அடங்கவில்லை,
ஏகாம்பரம் வீட்டில் இன்றைக்கும் ரசம்.
மகனுக்கு வேலை கிடைக்கும்வரை ரசம்தான் என்று
யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்
போன சித்திரையில்.

'ஈபி' என்று குரல் கொடுத்தால்
அட்டையை நீட்டும் கை
மிளகாய்த்தூளோடுதான் வரும்.
வெள்ளை அட்டைகள் இங்கே முக்கால்வாசி மஞ்சள்.
சுபைதாம்மா அட்டையில் ஒரு கட்டைவிரல் ரேகை,
ரெண்டு வருஷமாக அழியவில்லை.
யாரும் பார்க்காதபோது முகர்ந்திருக்கிறேன்.
ஏலக்காய்.

உதவிப் பொறியாளர் சொல்வார்:
'மூக்க ஆபீஸ்லயே வச்சிட்டுப் போய்யா.'
சோனாங்குப்பத்தில் ஒருநாள்
'கதவு பூட்டு' என்று எழுத வேண்டிய கட்டத்தில்
'சுறாப்புட்டு' என்று எழுதிவிட்டேன்.
பக்கத்து வீட்டில் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.
விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.
என்ன விளக்கம்?
வேகவைத்து, தோலுரித்து,
மஞ்சள் போட்டு உதிர்த்து,
பூண்டும் சின்ன வெங்காயமும் மீனுக்குச் சமமாய்,
இதைத்தான் எழுதியிருப்பேன்.
'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன்.
பொய்.
கவனம்தான் அது.

தடைக்காலத்தில் தெருவே வேறு.
விசைப்படகுகள் உப்பனாற்றில் கட்டிக் கிடக்க
பரணிலிருந்து கருவாட்டுப் பானை இறங்கும்.
முதலில் கத்திரிக்காயோடு.
பண்ருட்டிப் பலா வந்துவிட்டால்
கொட்டையை வீணாக்குவார்களா?
பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி
செம்மண்ணில் விளைந்தது,
ஒரு வாளையின் பக்கத்தில் போய்
மாவாகிக் கிடக்கும்.

அஞ்சலாட்சி வீட்டு மீட்டர்
நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பது என்று
மெல்ல மூச்சுவிடும்.
இந்த ஆனியில் நூற்று எழுபது.
பழுதோ என்று தட்டிப் பார்த்தேன்.
உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.
'மாவு போடறேன் சார்.
நூறு வரைக்கும்தான் ஃப்ரீ, மேல எவ்ளோ வரும்?'
சொன்னேன்.
புறங்கையில் ஒட்டிய மாவை வழித்தபடி
மனசுக்குள் கூட்டினாள்.
'அப்ப பாக்கெட்டுக்கு ரெண்டு ரூபா ஏத்தணும்.'
பிறகு, 'இருங்க' என்று உள்ளே போய்
ஒரு கல்தோசை,
அதன்மேல் நேற்றைய சங்கராக் குழம்பு.

கணக்கெடுக்கும் வீட்டில் கை நனைப்பதில்லை.
யாரும் போட்ட சட்டம் இல்லை, நானே போட்டது.
பதினாறு வருஷம் காத்தேன்.
தடை முடிந்து வந்த முதல் மீன் வேறு.

முதல் நாள் குழம்பில் மீன் இருக்கும்.
மறுநாள் குழம்பே மீனாகியிருக்கும்.
மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்றபடி
மாங்காய்த் துண்டை நாக்கின் அடியில் ஒதுக்கி
அப்படியே இருந்தேன்.
'உப்பு கொறச்சலா சார்?'
வாயைத் திறந்தால் போய்விடும் போலிருந்தது.
தலையை ஆட்டினேன்.
எப்படி ஆட்டினேனோ,
அவள் உப்பு எடுக்கப் போய்விட்டாள்.

அட்டையில் நூற்று எழுபதுதான் எழுதினேன்.
ஒரு யூனிட்டும் குறைக்கவில்லை.
குறைத்தால் அது தோசைக்கு விலை.

மஞ்சக்குப்பத்தில் என் அறை.
ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு பல்பு, மெஸ் சாப்பாடு.
என் மீட்டரை எடுப்பது வேதமாணிக்கம்.
பதினோரு யூனிட், பன்னிரண்டு யூனிட்.
வாசலில் நின்று என்ன முகர்ந்திருப்பார் இத்தனை வருஷம்?
டெட்டால்.

நாளை வியாழன். பதினொன்றரைக்கு வருவார்.
லீவு போட்டுவிட்டேன்.
காரப்பொடி அரைக் கிலோ,
ஆய்வதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது,
விரலெல்லாம் செதில்.
விடிந்ததும் புளி ஊறவைக்க வேண்டும்.
வெந்தயம் இருக்கிறதா,
பார்க்க வேண்டும்.