புள்ளி விழும் வீடு

மில்வாக்கியில், ஹேடன் தெருவின் 2400 வரிசைக்குப்
பதினோரு வருடமாகக் கடிதம் போடுகிறேன்.
எந்தப் படியில் பலகை ஆடும்,
எந்த நாய் குரைப்போடு நிறுத்திக்கொள்ளும்,
நீதிமன்ற உறை வந்தால் யார்
கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நிற்பார்கள்,
எல்லாம் தெரியும். சொல்வதில்லை.

சென்ற அக்டோபரில் தேவாலயத்தின் அடித்தளத்தில் கூட்டம்.
மடக்கு நாற்காலிகள், ஆறிய காபி,
சுவரில் வெளிச்சமாய் எங்கள் வரைபடம்.
போலீஸ்காரர் ஹால்வர்சன் கோலால் தொட்டுக் காட்டினார்:
சிவப்பு கொள்ளை, மஞ்சள் கார் திருட்டு.
கறுப்பு என்னவென்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அறுபத்தொரு புள்ளி.
அறுபத்தொன்றும் ஒரே கூரையில்,
சர்க்கரை சிந்திய இடத்தில் எறும்பு மொய்த்தாற்போல்.

2400. வெர்னெட்டா பூன் வீடு.

கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல் இருந்தாள் அவள்.
யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும்.
கரும்புள்ளி செம்புள்ளி குத்தியாயிற்று,
கழுதை ஒன்றுதான் குறை.

கணினிப் பையன் எழுந்து விளக்கினான்:
பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியக் கூடாதல்லவா,
அதனால் கதவெண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப்
பூஜ்யமாக்கிவிடுவோம்.
2418இல் உடைந்த ஜன்னல்,
2463இல் போன சைக்கிள்,
மூலைக் கடை வாசலில் சுடப்பட்ட இருபது வயது,
எல்லாம் 2400.
மறைப்பதற்காகச் செய்தது, என்றான்.
மறைந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"அறுபத்தொன்றா?" என்றாள் வெர்னெட்டா.
"இத்தனை பேர் என் வீட்டில் இருக்கிறார்கள்,
ஒருவன்கூட வாடகை தரவில்லையே."
சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

முப்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் திருடுபோனது
பனி வாரும் மண்வெட்டி ஒன்று.
அதையும் மார்ச்சில் யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள்,
பிடிக்குப் புது டேப் சுற்றி.

ஆனால் காப்பீட்டு உறைகளை நான்தானே கொண்டுபோகிறேன்.
வருடா வருடம் தடித்துக்கொண்டே வந்தன.
எதிர்வீட்டை வாங்க வந்த தம்பதி காரை விட்டு இறங்கவில்லை.
போனைப் பார்த்தார்கள், அவள் கூரையைப் பார்த்தார்கள்.
கார்க் கதவுகள் பூட்டிக்கொள்ளும் சத்தம்
எனக்கே கேட்டது. அவள்
முன்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

பெரிய சாலையைத் தாண்டினால் என் நடையின் மறுபாதி.
அங்கே வரைபடம் வெள்ளை வெளேர்.
மேப்பிள் மரங்கள், கேமரா வைத்த அழைப்புமணிகள்.
அங்கே ஒரு வீட்டில்,
ஜனவரி இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
கையெழுத்திட வருகிறாள் ஒருத்தி.
இடது கையால். சென்ற வருடம் வரை வலது கை.
கதவெண் சொல்லமாட்டேன்.
அதற்குப் புள்ளி கிடையாது.
நான் எதுவும் கேட்டதும் கிடையாது.

என்மேலும் ஒரு புள்ளி உண்டு, நீலம்.
கையிலிருக்கும் ஸ்கேனர் அனுப்புவது.
அலுவலகத்தில் சூப்பர்வைசர் கிளிம்செக் பார்த்துக்கொண்டிருப்பாள்.
நேற்று கூப்பிட்டாள்:
"2400இல் ஒன்பது நிமிடம் நின்றிருக்கிறாய். என்ன நடந்தது?"

நடந்தது இது.
மைனஸ் பதினெட்டு. படியில் உப்புத் தூவியிருந்தாள்.
கதவு பூட்டியிருக்கவில்லை.
உள்ளே வா, விரலைக் காட்டு என்றாள்.
அடுப்பில் பீன்ஸ்.
பக்கத்து மாடி ஹ்மாங் பையன் டூ ஷியோங்,
அம்மா ஷிஃப்ட் முடிந்து வரும்வரை,
சமையல் மேசையில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.
மீதியை எங்கே எழுதுவது என்று என்னைக் கேட்டான்.

தாமதத்துக்குக் காரணம் சொல்லும் படிவத்தில்
நாலே கட்டங்கள்:
பனி, சாலைத் தடை, வாகனப் பழுது, நாய்.

நாய் என்று போட்டேன்.
வெர்னெட்டா நாய் வளர்ப்பதில்லை.
2400இன்மேல் இன்னொரு பொய்,
இந்த முறை என் கையால்.