கெண்டைக்கால் குற்றவாளி அல்ல

ஆறு வாரம் தப்பான ஆளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன்.
கெண்டைக்காலை.
வெந்நீர் ஒத்தடம், கற்பூரத் தைலம்,
நாத்தனார் ஒத்திலியா தந்த சிவப்புக் களிம்பு,
தூக்கம் வராத இரவுகளில் முஷ்டியால் நாலு குத்து.
எல்லாவற்றையும் அது பேசாமல் வாங்கிக்கொண்டது.

வால்பராய்சோவில் பேருந்து ஓட்டுகிறேன்.
கடலிலிருந்து குன்றுக்கு,
குன்றிலிருந்து கடலுக்கு,
ஒரு நாளைக்குப் பதினோரு நடை.
இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால்
பிட்டத்துக்குள் யாரோ தீக்குச்சி கிழிப்பார்கள்.
தொடையின் பின்பக்கமாய்ச் சரசரவென இறங்கும் நெருப்பு,
சுண்டுவிரலில் போய்ப் பஞ்சாகிவிடும்.
தும்மல் வந்தால்
ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொள்வேன்.

குன்றின் பொதுமருத்துவமனையில்
பிசியோதெரபிஸ்ட் நவேல் குரிக்கேயோ
மல்லாக்கப் படுக்கவைத்து
காலை மடக்காமல் தூக்கினார்.
ஒரு முழம்கூட உயரவில்லை,
அவருடைய அம்மாவைத் திட்டிவிட்டேன்.
"இந்தக் கட்டிலில் எல்லோருக்கும் அவளைத் தெரியும்"
என்று காலை மெதுவாக இறக்கினார்.

பிறகு கேட்டார்:
"ஹாரனை எங்கே அமுக்குவாய்?"
ஸ்டீயரிங்கில்.
"கத்துவது எங்கே?"
முன்னால், எஞ்சின் பக்கம்.
"அவ்வளவுதான்" என்று
என் இடுப்பில் விரலை வைத்தார்.
இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு.
அது கொஞ்சம் பிதுங்கி
சுண்டுவிரல் கனத்துக்கு ஓடும் நரம்பின்
வேரை அமுக்குகிறது.
அமுக்குவது இங்கே.
அலறுவது அங்கே.

கத்தி வைக்கணுமா என்றேன்.
தொண்டை வறண்டிருந்தது.
"கத்தி எங்கேயும் ஓடிவிடாது.
பிதுங்கியதை உடம்பே
மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்வது உண்டு.
அதற்கு அவகாசம் கொடு, நடை கொடு.
படுக்கையை மட்டும் கொடுக்காதே."
குரல் சட்டென்று மாறியது:
"ஆனால் சிறுநீர் உன் பேச்சைக் கேட்காமல் போனால்,
குதிரைச் சேணம் படும் இடமெல்லாம் மரத்தால்,
பாதம் தொங்கினால்,
என்னைத் தேடி வராதே.
அன்றைக்கே ஆம்புலன்ஸ்."

சமையலறைத் தரையில் குப்புறப் படுத்தேன்.
இடுப்பு தரையில்,
கையூன்றி நெஞ்சு மட்டும் மேலே.
பத்து முறை. இரண்டு மணிக்கொரு தரம்.
ஃபிரிட்ஜுக்கு அடியில்
போன வருடம் தொலைந்த தோட்டுத் திருகாணி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
கடைசி நிறுத்தத்தில்
பேருந்தின் நடைபாதையில் செய்தித்தாள் விரித்து அதே வேலை.
பல்தசார் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான்.
நான் டிரைவர் சீட்டில் சுருட்டிய துண்டை முதுகுக்கு வைத்தேன்.
நடைக்கு நடை இறங்கி ஐந்து நிமிடம் உலாவினேன்.
மாத்திரை இரண்டு வாரம். பிறகு இல்லை.

மூன்றாம் வாரம்
பாதம் அமைதி, கெண்டைக்கால் அமைதி.
இடுப்போ உலக்கையால் இடித்த மாதிரி!
சண்டைக்கே போனேன்.
அந்த மனுஷன் கை தட்டினார்.
"ஓடிப்போனவன் திரும்பி வருகிறான்.
காலை விட்டு இடுப்புக்கு ஏறும் வலி
நல்ல வலி.
கீழே கீழே இறங்கினால்தான் பயப்படணும்."
எனக்கு அறையலாம் போல இருந்தது.
அன்றும் பத்து முறை செய்தேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்.
செங்குத்து இறக்கத்தில்
நடுரோட்டில் படுத்திருந்தது ஒரு செவலை நாய்.
முழு பாரத்தையும் போட்டு மிதித்தேன்.
வண்டி முனகி நின்றது.
நாய் கண்ணைத் திறந்து, யோசித்து,
கடன்காரனுக்கு வழி விடுவதுபோல நகர்ந்தது.
பின்னால் ஹாரன். உள்ளே வசவு.
நான் மிதித்த காலோடு
தீக்குச்சிக்காகக் காத்திருந்தேன்.

கிழிக்கவில்லை.

சுண்டுவிரல் இன்னும் பாதி பஞ்சுதான்.
அது கடைசியில்தான் திரும்பும்,
சிலருக்குக் கொஞ்சம் தங்கியும்விடுமாம்.
நேற்று பல்தசார் ஓரமாய்க் கூப்பிட்டு
அந்தக் குப்புற விஷயத்தைக் காட்டச் சொன்னான்,
யாருக்கோ கேட்பதுபோல.
முதலில் நவேலிடம் போ என்றேன்.

ராத்திரி
கெண்டைக்காலைத் தடவி மன்னிப்புக் கேட்டேன்.
பதில் இல்லை.
குத்தியபோதும் அது அப்படித்தான் இருந்தது.