உறைதல்

கைக்கடிகாரம் நூற்றுத் தொண்ணூற்றொன்று என்றது.
பொய் சொல்கிறதென்று அதை
பைன் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
மேட்டில் சறுக்குப் பலகையோடு ஏறிக்கொண்டே இருந்தான் தவ்னோ.

அன்று ராத்திரி அவன் மார்பில் காதை வைத்தேன்.
இருட்டில் மாடிப்படி இறங்குகிற ஒருவன்
இல்லாத படியில் காலை வைத்தான்,
இருந்த இரண்டை ஒரே எட்டில் தாண்டினான்,
நின்றான்.
முப்பத்தாறு வருடம் நான் தலைவைத்துத் தூங்கிய இடம்.
அங்கே யாரோ வழி தெரியாமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல, காப்பி" என்றான்.
கூமோவில் எந்த நோய்க்கும்
முதலில் காப்பியைத்தான் குற்றம் சொல்வோம்.
வயதை அப்புறம்தான்.

உடம்பில் கம்பிகளை ஒட்டி, இடுப்பில் பெட்டியை மாட்டி,
ஒருநாள் முழுக்க நடந்ததை எழுதிவரச் சொன்னார்கள்.
எழுதினான்:
9.10 வாசலில் பனி அள்ளினேன்.
11.30 மீன் சூப்.
2.00 சிர்க்காவோடு கருத்து வேறுபாடு.
2.05 அவள் சொன்னதுதான் சரி.
4.40 சும்மா இருந்தேன். அப்போதுதான் குதித்தது.

குவோப்பியோ ஆஸ்பத்திரியில் டாக்டர் நிஸ்கனென்
காகிதச் சுருளை மேசையில் விரித்துக் காட்டினாள்.
மேலறை துடிக்கவில்லை, நடுங்குகிறது.
கீழறை பாவம்,
நூறு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால்
காதில் விழுந்த குரலுக்கெல்லாம் ஓடத்தானே செய்யும்.

எதனால் என்று கேட்டேன்.
நாற்பது வருடப் பனிச்சறுக்குப் பந்தயம்;
ஓடி ஓடிப் பெருத்த இதயம்
சிலருக்கு இப்படித் திரும்பும் என்றாள்.
அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சுதான்.
அளவு எதுவென்று
கோப்பை கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

நடுங்கும் அறையின் மூலையில் இரத்தம் தேங்கும்.
தேங்கினால் உறையும்.
உறைந்த துணுக்கொன்று கிளம்பினால் மூளை.
உறையாமலிருக்கக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
சவரக் கத்தி லேசாகக் கீறிய அன்று
துண்டு முழுக்கச் சிவப்பு.

முதலில் மின்சாரம்.
சில நிமிடம் தூங்கவைத்து, ஒரே ஓர் அதிர்ச்சி.
விழித்ததும் கேட்டான்: "எப்போ ஆரம்பிப்பீங்க?"
பதினோரு வாரம் ஒழுங்காக நடந்தது.
பன்னிரண்டாவது வாரம், சானாவில்,
கல்லில் தண்ணீர் ஊற்றப் போனவன்
கரண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான்.
நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.
சட்டையை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அடுத்தது குளிர்.
தொடை வழியே ஒரு மெல்லிய குழாய், நுனியில் பலூன்.
நுரையீரலிலிருந்து இதயத்துக்குள் நாலு வாசல்;
கலகம் கிளம்பும் அந்த வாசல்களின் விளிம்பை
பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியில்
ஒவ்வொன்றாக உறையவைப்பார்கள்.
"எங்க ஏரி அவ்வளவு குளிர்ந்ததேயில்ல" என்றான்,
உள்ளூர்ப் போட்டியில் தோற்றவன் மாதிரி.

இரத்தம் உறையக் கூடாது.
இதயம் உறைய வேண்டும்.
வெளியே உட்கார்ந்திருந்த மூன்று மணிநேரமும்
யாரும் இதை மாற்றிப் போட்டுவிடக் கூடாதே என்று,
யாரிடம் என்று தெரியாமல் வேண்டிக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்று மாதம் தப்பினாலும்
கணக்கில் சேராதாம்.
"பனிச்சறுக்குப் போகலாம்.
ஆனா பேசிக்கிட்டே போற வேகத்துல.
பேச்சு வரலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்."
யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்!
என்னைப் பெண் கேட்டு வந்த அன்றே
ஏழு வார்த்தையில் முடித்தவன்.

மார்ச். லென்டுவா ஏரி. முன்னால் அவன், பின்னால் நான்.
"பனி கெட்டியா இருக்கு" என்றான்.
கொஞ்ச தூரம் பலகைச் சத்தம் மட்டும்.
"அது நரித் தடம்."
பிறகு, திரும்பிப் பார்க்காமல்,
"கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேனே, அன்னிக்கு.
உன் பேரு மறந்துபோச்சு."

நான் "ம்" என்றேன்.
கரை மேட்டில் அவன் பேச்சு நின்றது.
என் நாடி என் காதில் கேட்டது.
"ஏதாவது சொல்லு" என்றேன். "எதையாவது."
வேகத்தைக் குறைத்துவிட்டு
நரியைப் பற்றியே மறுபடி ஆரம்பித்தான்.