நோன்புப் பீரங்கி

உடல் தகுதிச் சான்று வந்துவிட்டது.
எடை எழுபத்தாறு. ரத்த அழுத்தம் சரி.
மார்புப் படத்தில் கறை இல்லை.
எக்ஸ்ரே எடுத்த மலையாளிப் பையன்
"சேட்டன் பட்டாளமா?" என்றான்.
நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டதாம்.
படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி:
தூக்கம் எப்படி?
எதிரே ஒரு கட்டம், டிக் அடிக்க.
அடித்தேன்.

இடது காதில் ஒரு சுவர்க்கோழி இருக்கிறது.
தொண்ணூற்றொன்பதில் பனிமலையில் குடிவந்தது.
நாற்பத்துமூன்று கிலோ குண்டு,
ஒரு ராத்திரிக்கு எத்தனை என்று
எண்ணுவதை விட்ட வாரம் அது.
அது பாடுவது படத்தில் விழாது.

ஷார்ஜா, ரோலா பக்கம்.
எட்டுப் பேர் அறை, அடுக்குக் கட்டில்.
எனக்கு மேலே ஷேர் ஜமான், சக்வால்காரன்.
அவனும் பட்டாளம்தான்.
எந்த நாட்டுப் பட்டாளம் என்று சொல்ல வேண்டியதில்லை.
எந்த வருஷம், எந்த முகடு என்று
அவனும் கேட்டதில்லை, நானும்.
நாங்கள் காவல் நிற்கும் கட்டடத்தில்
பதினொரு மாடியும் படியேறித்தான் ரோந்து போவான்.
ஐம்பது வயதில் என்ன கால்கள்,
லிஃப்ட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே
என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்.

விடிய மூன்றரைக்கு எல்லோரும் தூங்குவார்கள்.
நாங்கள் மொட்டை மாடிக்குப் போவோம்.
தண்ணீர்த் தொட்டிக்கும்
இரைகிற ஏசி எந்திரங்களுக்கும் நடுவில்
தண்டால் நாற்பது, பஸ்கி அறுபது.
முட்டி முனகும்.
"ஹோஷியார்" என்பான் அவன். "சாவ்தான்" என்பேன் நான்.
எதைச் சொன்னாலும் குதிகால்கள் ஒட்டிக்கொள்ளும்.
அவனுக்கு "ஆஸான் பாஷ்", எனக்கு "விஷ்ராம்":
அந்தச் சொல்லுக்கு மட்டும்
இரண்டு உடம்பும் கீழ்ப்படிவதில்லை.

நோன்பு முதல் நாள்
கடலோரப் பீரங்கிக்குக் கூட்டம் ஒதுக்கும் டியூட்டி.
பழைய இருபத்தைந்து பவுண்டர்.
பித்தளையெல்லாம் துடைத்து, மணப்பெண் மாதிரி.
வெற்று வெடி. எனக்குத் தெரியாததா?
உடம்பிடம் தமிழில் சொன்னேன், வெற்று வெடி.
இந்தியிலும் சொன்னேன்.
சூரியன் இறங்கியது.

அடுத்து எனக்குத் தெரிந்தது
மோர்ப் பெட்டிகளின் பின்னால் மணல்.
குப்புறக் கிடக்கிறேன்.
எனக்கு அடியில் யாருடையதோ குழந்தை.
அதன் தலைக்கு மேல் என் இரண்டு கைகளும்
கூரை போட்டிருக்கின்றன.
தாய் அலறுகிறாள். போலீஸ்காரர் காலரைப் பிடித்துத் தூக்குகிறார்.
குழந்தை அழவில்லை.
வாயிலிருந்த பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டு
அரபியில் ஏதோ கேட்டது.
'இன்னொரு தரம்?' என்பதாக இருக்கலாம்.

ஷிஃப்ட் பொறுப்பு ஷேர் ஜமானுக்கு.
அறிக்கையில் எழுதினான்:
கால் இடறி விழுந்தார்.

அன்றிரவு அஞ்சுகம் கூப்பிட்டாள்.
சாப்பிட்டீங்களா, என்ன குழம்பு.
போன லீவில் தூக்கத்தில் அவள் மணிக்கட்டை நெரித்தேன்,
வளையல் இரண்டு உடைந்தது.
வேறு வாங்கித் தாங்க என்றாள், அவ்வளவுதான்.
மறுநாளிலிருந்து பிள்ளைகள் அறையில் படுத்தாள்.
இன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
"சாம்பார்" என்றேன்.

மேல்கட்டிலிலிருந்து குரல் வந்தது:
"எனக்கு லிஃப்ட்."
என்ன?
"கதவு மூடி, சத்தம் நின்று,
இரும்புக்குள் காத்திருக்கிறோமே, அது.
ஆறு நாள் அப்படி இருந்தேன். நான்கு பேர்.
கடைசி இரண்டு நாள், நான் மட்டும்."

எங்கே என்று நான் கேட்கவில்லை.
மேலிருந்து எந்தக் குண்டு என்றும்.
சுவர்க்கோழி பாடிக்கொண்டிருந்தது.
யாரோ தூக்கத்தில் பெங்காலியில் கடன் கேட்டார்கள்.
வெகுநேரம் கழித்து
ஒரு கை கீழே தொங்கி
டியூட்டி அட்டவணையை நீட்டியது.
பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தான்.

பாக்கி இருபத்தெட்டு நாளும்
பீரங்கிக்கு அவன்.
லிஃப்ட்டுக்கு நான்.